தாமரை இலைத் தண்ணீர்

பற்றின்மைக்கு உவமை கூற வேண்டுமெனின் தமிழர் நாவில் முதற்கண் வருவது தாமரை இலைத் தண்ணீரே. குடும்பத்துள் இருந்தும் இல்லாதார் போன்று வாழ்பவரையும், ஊரில் குடியிருந்தும் ஊரோடு கலவாதவரையும் நாம் இவ்வுவமையால் சுட்டுகிறோம். பகவத் கீதையின் 5ஆம் அத்தியாயத்து 10ஆம் சுலோகம் இவ்வுவமையை எடுத்தாள்கிறது. பாலி மொழிப் பௌத்த நூலாகிய சுத்தநிபாதமும் இதனைக் கையாள்கிறது. தாமரை இலையில் நீர் ஒட்டுவதில்லை என்னும் செய்தி இந்நாட்டார்க்கு ஈராயிரம் ஆண்டுகளாகப் பழகிய செய்தி என்பதில் ஐயமில்லை.

ஏன் ஒட்டுவதில்லை என்னும் வினாவோ வேறு. அதற்கு விடை காணும் முயற்சி 1805இல் இலண்டனில் தொடங்கி, 1997இல் ஜெர்மனியில் ஒரு நிலைக்கு வந்து, இன்னும் முடிவுறாமல் நடந்துகொண்டிருக்கிறது. இத்தகைய மலர்களில் கட்டுரை எழுதுவோர் சிலர், மேலைநாட்டார் கண்டவை யாவும் நம் முன்னோர் முன்பே கண்டவை என்று கூறி மகிழ்வர். அம்மகிழ்ச்சியில் நமக்கு உடன்பாடில்லை. இலைமேல் உருளும் நீரைக் கண்டு வியந்து அதனை வாழ்க்கைக்கு உவமையாக்கியது நம்மவர் பெருமை. அப்பெருமை நமக்குப் போதும். காரணம் தேடி அலைந்தவர்கள் வேறு சிலர். அவர்களுள் ஒரு மருத்துவர் உண்டு. சமையலறையை விட்டு வெளியேற இயலாத ஒரு பெண்மணி உண்டு. கம்பளித் துணி ஆராய்ந்த இருவர் உண்டு. அவர்கள் கதையை நம் பிள்ளைகளும் அறிதல் நன்று.

வீட்டில் இவ்வினாவை எழுப்பினால் உடனே வரும் விடை ஒன்றுண்டு. “தாமரை இலை வழுவழுப்பானது, அதில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, ஆதலால் நீர் வழுக்கி ஓடுகிறது” என்பர். இவ்விடையின் முற்பகுதி தவறு. வழுவழுப்புத்தான் காரணமெனின், தாமரை இலையினும் வழுவழுப்பான கண்ணாடியில் நீர் உருண்டு ஓட வேண்டுமே! அங்கோ அது பரவிப் படிகிறது. தாமரை கிட்டாத நகரங்களில் வாழும் நமக்குச் சேம்பின் இலை எளிதிற் கிட்டும். மும்பையில் அளுவடிக்கும் குஜராத்தியர் வீடுகளில் பாத்ராவுக்கும் வாங்கும் இலை அதுவே. அதனைக் குழாயடியில் கழுவியவர் அறிவர்: நீர் பாதரசம் போல் உருண்டு ஓடும், இலை நனையவே நனையாது. அதன் மேற்புறத்தை விரலால் தடவினால் கண்ணாடியின் வழுவழுப்பு அன்று, மென்பட்டின் மந்தமான தன்மையே தோன்றும். விடைக்கான குறிப்பு அங்கேயே இருந்தது.

முதலில் இலண்டனுக்குச் செல்வோம். தாமஸ் யங் என்பார் 1773இல் பிறந்தவர், தொழிலால் மருத்துவர். ஒளி அலைவடிவினது என்பதற்குச் சான்று காட்டியவரும், எகிப்தியரின் ரொசெட்டாக் கல்லெழுத்தைப் படிப்பதில் முன்னோடியாய் நின்றவரும் இவரே. 1804ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் ராயல் கழகத்தில் நீர்மங்களின் பிணைவு பற்றி இவர் ஒரு கட்டுரை படித்தார். மறு ஆண்டு அது அச்சேறியது. ஒவ்வொரு திண்பொருளுக்கும் ஒவ்வொரு நீர்மத்திற்கும் இடையே அவ்விரண்டிற்கே உரியதொரு சேர்கோணம் உண்டு என்பது அதன் மையக் கருத்து. ஒரு துளியை ஒரு பரப்பின்மேல் வைத்தால், துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் இடத்தில் நீரின் உட்புறமாக ஒரு கோணம் அமைகிறது. தூய கண்ணாடியின்மேல் அக்கோணம் ஏறத்தாழ இன்மை எனலாம், நீர் பரவிவிடுகிறது. மெழுகின்மேல் அது 105 பாகை அளவில் நிற்கிறது. துளி குவிந்து காண்கிறது. 180 பாகையானால் துளி முழு உருண்டையாகிப் பரப்பை ஒரு புள்ளியில் மட்டுமே தொடும். நீர், காற்று, திண்பொருள் ஆகிய மூன்றும் கூடும் அவ்விளிம்பில் மூன்று இழுவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து நிற்பதே இக்கோணத்தை வரையறுக்கிறது என்றார் யங்.

வியப்பு என்னவெனில், இன்று யங் சமன்பாடு என்று பாடநூல்களில் வழங்குவதை அவர் சமன்பாடாக எழுதவில்லை. யாவற்றையும் சொற்களாலேயே கூறிச் சென்றார். படிப்பவர் தலை சுற்றும் நடை அது. அதே காலத்தில் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ், நுண்புழைகளில் நீர் ஏறுவதற்குரிய கணக்கைத் தெளிவாக எழுதி வெளியிட்டதால், புகழில் பெரும்பங்கு அவரைச் சார்ந்தது.

நீரின் பரப்பே ஒரு மெல்லிய தோல் போல் இழுத்துச் சுருங்க முயல்கிறது. அதனாலேயே சிறு துளி உருண்டையாகிறது. இப்பரப்பு இழுவிசையைச் செம்மையாக அளக்க வழி கண்டவருள் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்னும் அம்மையார் 1862இல் வெனிஸ் நகரில் பிறந்து, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர். இயற்பியலில் பேரார்வம் கொண்டிருந்தும், பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலம் அது. பெற்றோர் நோயுற்றிருந்தமையால் அவர்களைப் பேணுவதும் வீட்டுவேலையும் இவர் பொறுப்பாயின. பாத்திரம் கழுவும் நீரில் கொழுப்பும் சோப்பும் கலக்கும்போது நீர்ப்பரப்பு எவ்வாறு மாறுகிறது என்பதை இவர் கூர்ந்து நோக்கினார். இருபது வயதளவிலேயே நீர் நிரப்பிய நீள்தொட்டி ஒன்றை அமைத்து, அதன் குறுக்கே ஒரு தகட்டை நகர்த்தி, பரப்பில் படிந்த மாசின் அளவையும் இழுவிசையின் மாற்றத்தையும் அளக்கத் தலைப்பட்டார். இளவல் பிரீட்ரிஷ் இயற்பியல் கற்றவராதலால் நூல்களைப் பெற்றுத் தந்தார்.

1891 ஜனவரியில், இதே துறையில் ஆய்வு செய்துவந்த ஆங்கிலேய அறிஞர் ராலே பிரபுவுக்கு அம்மையார் தம் முடிவுகளை ஜெர்மன் மொழியில் கடிதமாக எழுதினார். முன்பின் அறியாத ஒரு வீட்டுப் பெண்ணின் கடிதம்! ராலே அதனை ஒதுக்கிவிடவில்லை. தம் மனைவியாரைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்து, ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பி, அதே ஆண்டு மார்ச்சில் அச்சேறச் செய்தார். பின்னாளில் அமெரிக்கரான லாங்மியூர் பயன்படுத்திய தொட்டி, அம்மையாருடையதன் வழிவந்ததே. லாங்மியூருக்கு 1932இல் நோபெல் பரிசு கிட்டியது. பொக்கெல்ஸ் அம்மையாருக்கோ முதுமையில் ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரியின் கௌரவ முனைவர் பட்டம் கிட்டியது. 1935இல் மறைந்தார். பாத்திரம் கழுவும் நீரில் அறிவியல் இருந்தது என்று இனி நம் வீட்டில் எவரேனும் கூறினால் நகையாடுதல் வேண்டா.

சமையலறையை விட்டு வெளியேறுமுன் இன்னொன்றையும் காண்போம். தோசைக்கல் போதிய அளவு காய்ந்துவிட்டதா என்றறிய நீர் தெளிக்கிறோம். இளஞ்சூட்டில் நீர் ‘சொய்’ என்று ஆவியாகிறது. கல் மிகக் காய்ந்துவிட்டாலோ, துளிகள் ஆவியாகாமல் முத்துகளாகி அங்குமிங்கும் ஓடி ஆடுகின்றன. ஜெர்மானிய மருத்துவர் லைடன்பிராஸ்ட் 1756இல் எழுதிய இலத்தீன் நூலில் இதனை விளக்கமாகப் பதிவு செய்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியே அவர் கருவி. துளியின் அடிப்புறம் கணத்தில் ஆவியாகி மெத்தை போல் துளியைத் தாங்குகிறது. நீர் இரும்பைத் தொடுவதே இல்லை. இடையே ஒரு காற்றுப் படலம் இருப்பின் நீர் ஒட்டாது என்னும் உண்மை அங்கேயே வெளிப்பட்டிருந்தது. எனினும் காய்ந்த இரும்புக்கும் குளிர்ந்த தாமரை இலைக்கும் உறவுண்டு என்று அன்று எவர்க்கும் தோன்றவில்லை.

அவ்வுறவை வெளிக்கொணர்ந்தது துணித் தொழில். ஸ்காட்லாந்தியரான சார்லஸ் மாக்கின்டாஷ் 1823இல் இரு துணிகளுக்கிடையே ரப்பரை வைத்து ஒட்டி மழைத்துணிக்குக் காப்புரிமை பெற்றார். மழை உள்ளே வரவில்லை. ஆனால் உடலின் வியர்வையும் வெளியே போகவில்லை. மும்பையின் ஆனி, ஆடி மழையில் ரப்பர்ச் சட்டை அணிந்து தொடர்வண்டி ஏறியவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. மழையில் நனையாதவர் தம் வியர்வையில் நனைந்து இறங்குவார். ஆதலால் காற்றுப் போகும் துளைகளை அடைக்காமலே நீரை மட்டும் விலக்கும் துணி வேண்டும் என்னும் தேடல் எழுந்தது.

1936இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து மெல்லன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் வென்செல் ஒரு முடிவைத் தொழில் வேதியியல் இதழில் வெளியிட்டார். யங் கூறியது சமனான பரப்புக்கே பொருந்தும். பரப்பு கரடுமுரடாயின், கண்ணுக்குத் தெரியும் பரப்பினும் உண்மைப் பரப்பு மிகுதி. கொசுவம் வைத்த புடவையை நினைத்தால் இது எளிதில் விளங்கும். ஒரு சாண் அகலத்துள் பல முழத் துணி மடிந்து நிற்கிறதன்றோ? அதுபோல் மிகுந்த பரப்பை நீர் தொட நேர்வதால், அப்பொருளின் இயல்பு எதுவோ அது மிகைப்படுகிறது. நீரை விரும்பும் பொருள் கரடானால் மேலும் நனையும். வெறுக்கும் பொருள் கரடானால் மேலும் வெறுக்கும். கரடுமுரடுக்கும் நீர்வெறுப்புக்கும் தொடர்புண்டு என்பது இவ்வாறு எண்ணாலும் எழுத்தாலும் நிறுவப்பட்டது.

எட்டாண்டுகட்குப் பின், போர் நடந்துகொண்டிருந்த 1944இல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தில் பணிபுரிந்த கேஸ்ஸி, பாக்ஸ்டர் ஆகிய இருவரும் இன்னும் ஆழமான ஓர் உண்மையைக் கண்டனர். நீர் மேடுபள்ளம் யாவற்றையும் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. மேடுகளின் முகட்டில் மட்டும் அமர்ந்து, பள்ளங்களில் காற்றைச் சிறையிட்டு நிற்கவும் கூடும். அந்நிலையில் துளிக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் காற்றே. மெழுகு பூசிய கம்பி வரிசைகளின்மேல் துளியை வைத்து இதனை அவர்கள் அளந்து காட்டினர். பிற்காலப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்நிலையிலுள்ள துளிக்குப் ‘பக்கிரித் துளி’ என்று பெயரிட்டனர். முட்படுக்கையில் கிடக்கும் பக்கிரியை அவர்கள் நினைத்தனர். நமக்கோ அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் நினைவுக்கு வருகிறார். உடல் மண்ணைத் தொடாமல் முனைகளின்மேல் தங்கியிருந்தது அல்லவா?

அக்கட்டுரையில் வாத்து பற்றி அவர்கள் கூறியது நம் கருத்தைக் கவர்ந்தது. வாத்தின் இறகு நனையாதிருப்பது அது அலகால் பூசிக்கொள்ளும் எண்ணெயின் தனிச்சிறப்பால் என்பது உலகெங்கும் நிலவிய நம்பிக்கை. அவ்வாறன்று, இறகின் நுண்ணிழைகள் இடைவெளிவிட்டு அடுக்கப்பட்டுள்ள அமைப்பே முதன்மைக் காரணம் என்று இருவரும் கணக்கிட்டுக் காட்டினர். புதுப்புது மெழுகுகளைத் தேடுவதினும், வாத்திறகின் கட்டமைப்பை நெசவில் கொண்டுவருதல் பயன் தரும் என்பது அவர்கள் தொழிலுக்குக் கூறிய அறிவுரை. மறு ஆண்டே செடிகொடிகளின் இலைகளுக்கும் விலங்குகளின் மேற்பரப்புகளுக்கும் இக்கருத்தை விரித்து ‘நேச்சர்’ இதழில் எழுதினர்.

தாமரை இலைக்கான விடை அன்றே ஏறத்தாழக் கிட்டிவிட்டது எனலாம். எனினும் உலகம் அதனை அரை நூற்றாண்டு காலம் கண்டுகொள்ளவில்லை. இலையின் மேற்பரப்பை உள்ளவாறு காண்பதற்குரிய கண் அப்போது இல்லை என்பதே இதற்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம். அக்கண் 1965இல் கிட்டியது. அவ்வாண்டுதான் அலகிடும் மின்னணு நுண்ணோக்கி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பொருளின் மேற்பரப்பை மலையும் பள்ளத்தாக்குமாகக் காட்டும் கருவி அது.

ஜெர்மானியத் தாவரவியலார் வில்ஹெல்ம் பார்த்லாட் 1970களில் ஹைடல்பர்கில் இக்கருவி கொண்டு ஆயிரக்கணக்கான செடிகளின் இலைகளை ஆராய்ந்தார். அவர் நோக்கம் செடிகளை வகைப்படுத்துவதேயன்றி நீரைப் பற்றியதன்று. நுண்ணோக்கியில் வைக்குமுன் இலைகளின் தூசியைக் கழுவ வேண்டும். வழுவழுப்பான இலைகளுக்கே இவ்வேலை மிகுதியாக இருந்தது. நுண்மேடுகள் நிறைந்த இலைகளோ கழுவாமலே தூயனவாக இருந்தன! கரடான பரப்பில்தான் அழுக்குச் சேரும் என்பது உலகறிந்த நியாயம். அந்நியாயம் இங்கே தலைகீழாயிற்று. 1977இல் இதனைக் குறித்தவர், பின்னர் பான் பல்கலைக்கழகத்தில் நைன்ஹுயிஸ் என்னும் மாணவரோடு சேர்ந்து முறையாக ஆராய்ந்து, 1997இல் ‘பிளான்டா’ இதழில் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். புனிதத் தாமரையின் தூய்மை என்பதையே தலைப்பில் வைத்தார். உவமை வழங்கிய நாட்டுக்கு அவர் செலுத்திய மரியாதை அது.

அவர்கள் கண்டது இது. தாமரை இலையின் மேற்புறத்தில் சில மைக்ரான் அளவிலான கூம்பு மேடுகள் நெருங்கி நிற்கின்றன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. ஒவ்வொரு மேட்டின்மேலும் அதனினும் நூறு மடங்கு நுண்ணிய மெழுகுக் குழல்கள் புல் முளைத்தாற்போல் அடர்ந்துள்ளன. மேட்டின்மேல் மேடு. நீர்த்துளி அக்குழல்களின் நுனிகளில் மட்டுமே தங்குகிறது. சேர்கோணம் 160 பாகையளவு. கேஸ்ஸி, பாக்ஸ்டர் தந்த வாய்பாட்டில் இதனையும் மெழுகின் 105 பாகையையும் இட்டுக் கணக்கிட்டால், துளியின் அடிப்பரப்பில் நூற்றில் எட்டுப் பங்குதான் இலையைத் தொடுகிறது என்று வருகிறது. எஞ்சிய தொண்ணூற்றிரண்டும் காற்று. இலைமேல் நீர் என்று நாம் சொல்வது பேச்சு வழக்கே. உண்மையில் அது காற்றின்மேல் நீர்.

தூய்மையின் மறையும் இதிலேயே அடங்கும். தூசியும் அம்முனைகளின்மேல்தான் கிடக்கிறது; இலையோடு அதற்கும் பிடிப்பில்லை. உருண்டுவரும் துளி தூசியைத் தொட்டவுடன் தன்மேல் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. சமனான இலையிலோ துளி உருளாமல் வழுக்குகிறது. தூசியை இடம் மாற்றிவிட்டு நகர்கிறது. பல்வகைத் தூள்களை இலைகளின்மேல் தூவிச் செயற்கை மழை பெய்வித்து இதனை அவர்கள் மெய்ப்பித்தனர். நம் சேம்பிலையும் அச்சோதனையில் இடம்பெற்றது. பின்னர், 1999இல் இக்கொள்கையைக் கொண்டு ‘லோட்டுசான்’ என்னும் சுவர்ப்பூச்சு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது.

இதற்கு ஓராண்டு முன்பே, 1996இல், ஜப்பானின் காவோ நிறுவனத்து ஆய்வாளர்கள் காகிதத் தொழிலில் பயன்படும் மெழுகு ஒன்றை உருக்கி உறையவிட்டு, மேட்டுக்குள் மேடாக அமைந்த பரப்பைச் செய்து 174 பாகை கண்டனர். மேடுபள்ளம் இல்லாத பரப்பில் எவ்வளவு வல்ல வேதிப்பொருளைப் பூசினும் 120 பாகையைத் தாண்டுவது அரிது. எஞ்சிய 50 பாகைக்கு மேற்பட்டதும் வடிவத்தின் கொடை.

கதை இங்கு முடிந்திருந்தால் அழகாயிருக்கும். ஆனால் 2005இல் அமெரிக்காவில் செங், ரோடக் ஆகிய இருவர் ஒரு குறும்பான வினாவை எழுப்பினர். மேலிருந்து விழும் நீர் ஒட்டவில்லை, சரி; இலைமேலேயே ஆவி குளிர்ந்து உண்டாகும் நீர்? சோதித்தனர். ஆவியில் பிறந்த நுண்துளிகள் மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களிலேயே தோன்றி வளர்ந்தன. காற்றை வெளியேற்றி இடம் பிடித்தன. இலையைச் சாய்த்தாலும் உருளாமல் ஒட்டி நின்றன. ஒரே இலை, ஒரே நீர். வந்த வழி வேறாதலால் நடத்தையும் வேறு. பழைய உவமை மழைநீருக்கே பொருந்தும், பள்ளத்தில் பிறந்த பனிநீருக்குப் பொருந்தாது என்றாகிறது. வெளிமாநிலத்தில் வாழும் நம்மைப் பற்றி, “அவர்கள் அங்கே தாமரை இலைத் தண்ணீர்தான்” என்று ஊரில் பெரியவர் சொல்வதுண்டு. மேலிருந்து வந்து விழுந்த நமக்கு அது பொருந்தலாம். இவ்வூரிலேயே பிறந்து, இவ்வூர் மொழியில் சண்டையிட்டு விளையாடும் நம் பிள்ளைகளுக்கும் அது பொருந்துமா என்பதை அப்பெரியவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

அவ்வாறு பள்ளத்தில் அகப்பட்ட நீரையும் இலை விட்டுவைப்பதில்லை. 2009இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், ஆவி படிந்து நனைந்த தாமரை இலையை அதிரச் செய்தனர். துளிகள் பள்ளங்களை விட்டு எழுந்து மீண்டும் முனைகளின்மேல் ஏறின. நெடிய காம்பின்மேல் நின்று சிறு காற்றுக்கும் ஆடும் இலை தாமரையிலை என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும்.

சேர்கோணம் பெரிதாயிருந்தால் மட்டும் துளி உருண்டுவிடும் என்பதும் இல்லை. 2008இல் சீன ஆய்வாளர்கள் ரோஜா இதழை எடுத்துக் காட்டினர். அதன்மேல் துளி உருண்டையாகவே நிற்கும். ஆயினும் இதழைத் தலைகீழாகத் திருப்பினாலும் விழாது. ரோஜாவின் மேடுகள் அகன்றவை. இடைவெளியில் நீர் ஓரளவு இறங்கிப் பற்றிக்கொள்கிறது. இதற்கு ஓராண்டு முன் காவோ, மெக்கார்த்தி ஆகிய இருவர், வென்செலும் கேஸ்ஸியும் தவறினர் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதிப் பெரும் வழக்கைத் தொடங்கினர். துளிக்கு அடியில் மறைந்துள்ள பரப்பன்று, துளியின் விளிம்புக் கோடு எதனைத் தொட்டு நகர்கிறது என்பதே முடிவு செய்கிறது என்பது அவர்கள் வாதம். மறுப்பும் மறுமொழியுமாகப் பல கட்டுரைகள் வந்தன. பழைய வாய்பாடுகளை எல்லை அறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதே இன்று பலரும் ஏற்கும் நிலை. நம் பார்வையில், அவ்வாய்பாடுகளின் ஆசிரியர்கள் தம் காலத்துத் துணிக்கு விடை தேடியவர்கள்; எல்லாப் பரப்புக்கும் சட்டம் இயற்றியதாக அவர்கள்மேல் ஏற்றியவர்கள் பின்வந்தோரே.

விழும் துளி துள்ளுவதும் ஒரு தனி இயலாயிற்று. பாரிஸில் கெரேயும் உடனாய்வாளரும் 2002இல் கண்டபடி, நீர்விலக்கும் பரப்பில் விழும் துளி பந்து போல் எழும்புகிறது. அது பரப்பைத் தொட்டிருக்கும் நேரம் விழும் வேகத்தைச் சார்ந்ததன்று. துளியின் அளவையே சார்ந்தது. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள துளிக்கு அது நொடியில் நூற்றில் ஒரு பங்கு. இந்நேரத்தைக் குறைக்க முடியுமாயின், கடுங்குளிரில் விமானச் சிறகில் விழும் துளி உறையுமுன்னே துள்ளி அகலும். 2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் கிருபா வாரணாசியின் குழுவினர், பரப்பில் மெல்லிய வரம்புகளை எழுப்பி அந்நேரத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துக் காட்டினர். வரம்பில் விழும் துளி சமச்சீராகப் பரவாமல் உடைந்து விரைவில் சுருங்குகிறது. வண்ணத்துப்பூச்சியின் சிறகு நரம்பிலும் இதே வித்தையை அவர்கள் கண்டனர். வாரணாசி சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர் என்பதை இங்குக் குறிப்பதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

நீர் போகட்டும், எண்ணெய்? தாமரை இலையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் அது உருளாது, ஊறிப் பரவிவிடும். எண்ணெயின் பரப்பு இழுவிசை நீருடையதில் பாதியினும் குறைவு. சோப்பு நீரும் அவ்வாறே. நெல்லுக்கும் முட்டைக்கோசுக்கும் மருந்து தெளிக்கும் உழவர், வேப்பங்கொட்டைக் கரைசலில் காதி சோப்பைக் கரைத்துக்கொள்வது இதனாலேயே. சோப்பில்லையேல் மருந்து இலையில் நில்லாமல் உருண்டு மண்ணைச் சேரும். எண்ணெயையும் விலக்கும் பரப்புக்கு, நுனி அகன்று அடி குறுகிய, காளான் குடை போன்ற மேடுகள் வேண்டும் என்று 2007இல் எம்.ஐ.டி.யில் டுட்டேஜா முதலியோர் காட்டினர். 2011இல் ஹார்வர்டில் ஐசன்பர்க் அம்மையாரின் குழு முற்றிலும் வேறு வழி சென்றது. காற்றைச் சிறைப்படுத்தாமல், மேடுகளுக்கிடையே ஒரு வழுக்கு நீர்மத்தையே நிரப்பிவிட்டனர். அதன்மேல் நீரும் எண்ணெயும் இரத்தமும் வழுக்கி ஓடின. குடுவை வடிவில் இலை கொண்டு பூச்சிகளை வழுக்கி வீழ்த்தும் நெப்பெந்தஸ் செடியே அவர்களுக்கு ஆசான். அவ்வினத்தில் நம் நாட்டில் இயற்கையாக வளர்வது ஒன்றுதான். அது மேகாலயத்தின் காசி, காரோ மலைகளில் உள்ளது.

பார்த்லாட் மீண்டும் ஒருமுறை நீர்ச்செடியிடம் சென்றார். கேரளத்து நீர்நிலைகளை மூடிப் படகையும் உழவையும் தடுக்கும் ‘ஆப்பிரிக்கப் பாயல்’ என்னும் களை, பெயர் எவ்வாறாயினும் பிரேசிலிலிருந்து வந்தது. அதன் இலைமேல் முட்டை அடிக்கும் கருவி போன்ற வடிவில் நுண்மயிர்கள் உள்ளன. மயிர் முழுதும் நீரை விலக்க, அதன் உச்சி மட்டும் நீரைப் பற்றுகிறது. இவ்வாறு நீரின் விளிம்பை உச்சியில் கட்டிவைப்பதால், மூழ்கிய பின்னும் அவ்விலை காற்றுப் படலத்தை வாரக்கணக்கில் காத்துநிற்கிறது என்று 2010இல் அவர் குழு வெளியிட்டது. கப்பலின் அடிப்புறத்தில் இத்தகைய காற்றுப் போர்வை அமைந்தால் நீரின் உராய்வு குறையும், எரிபொருள் மிஞ்சும் என்பது நோக்கம். பொருளியலில் களை என்று தூற்றப்பட்ட செடிக்கு இப்படியும் ஒரு பெருமை!

செயற்கைப் பரப்புகளுக்கு இரண்டு குறைகள் இன்னும் நீங்கவில்லை. நீரை விலக்கவெனத் துணிக்கும் பாத்திரத்துக்கும் பூசப்பட்ட பொருள்கள் பலவற்றில் ஃபுளூரின் சேர்ந்த நெடுஞ்சங்கிலி வேதிப்பொருள்கள் உண்டு. அவை மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாமல் தங்கி உயிர்களின் உடலில் சேர்கின்றன. அவற்றுள் முதன்மையான இரண்டு, 2009இலும் 2019இலும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டுக் கட்டுப்படுத்தப்பட்டன. தாமரைக்கு ஃபுளூரின் தேவைப்படவில்லை. தன் உடலில் ஊறிய எளிய மெழுகைக் கொண்டே அது இதனைச் செய்கிறது.

மற்றொன்று தேய்மானம். நுண்மேடுகள் மெல்லியவை. ஆய்வுக்கூடத்தில் 170 பாகை காட்டிய தகடு, கையால் சில முறை துடைத்ததும் தன் தன்மையை இழந்துவிடுகிறது. தாமரை இலையையும் விரலால் அழுந்தத் தேய்த்தால் மெழுகு கலைந்து அவ்விடம் நனையத்தான் செய்யும். ஆனால் இலை உயிருள்ளது. வளரும் இலையில் கலைந்த மெழுகு உள்ளிருந்து ஊறி, குழல் குழலாகத் தானே மீண்டும் முளைக்கிறது.